பிரெஞ்சின் 'ஸான்', ரஷ்யத்தின் 'ஸ்தோ': இரண்டும் ஒரே மாற்றமா?

கேள்வி: பிரெஞ்சும் ரஷ்யமும் சேர்த்துப் படிக்கிறேன். இலத்தீனில் நூறு 'கெந்தும்'. அந்தக் ககரமே ஒரே விதியால் பிரெஞ்சில் 'ஸான்' என்றும் ரஷ்யத்தில் 'ஸ்தோ' என்றும் ஸகரமானதாக இணைய வகுப்பில் அட்டவணை தந்தார்கள். அதை மனப்பாடம் செய்தால் புதிய சொற்களை ஊகிக்க முடியுமா?

பதில்: முடியாது. முதலில், ரஷ்யம் இலத்தீனிலிருந்து பிறந்த மொழியே அன்று. இரண்டுக்கும் பொதுவான மூதாதை மொழி அதனினும் மிகப் பழையது. சீசர் காலத்து இலத்தீனில் 'கெந்தும்' ககரத்துடனேயே ஒலித்தது. அவர் பெயர் ஜெர்மானியத்தில் 'கைஸர்' என்று நிலைத்திருப்பது அதற்குச் சான்று. இ, எ ஆகிய உயிர்களுக்கு முன் அந்தக் ககரம் திரிந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். ரஷ்யம் சேர்ந்த ஸ்லாவிய மொழிக் குடும்பத்தின் ஸகரமோ, ஸ்லாவியம் தனிக் கிளையாகப் பிரியும் முன்பே தொடங்கிவிட்ட, பின்வரும் உயிர் எதுவென்று பாராத மாற்றத்தின் விளைவு. லித்துவேனியத்தின் 'ஷிம்தஸ்', சமஸ்கிருதத்தின் 'சதம்' ஆகியவை அதே வழியில் வந்தவை.

இதயம் என்னும் சொல்லில் சோதித்துப் பாருங்கள். ரஷ்யத்தில் 'ஸெர்த்ஸே', இலத்தீனில் 'கோர்', பிரெஞ்சில் 'கர்'. ஒகரத்துக்கு முன் நின்றதால் பிரெஞ்சில் ககரம் தப்பியது, அட்டவணை தப்பவில்லை. பிரெஞ்சு மாற்றத்துக்கு மெய்யான இணை ரஷ்யத்தின் நான்கு, அதாவது 'சித்தீரெ'. லித்துவேனியத்தில் இன்றும் 'கெதுரி'. கன்னடம் 'கிவி' என்று காத்த சொல் தமிழில் 'செவி' ஆனதும் இவ்வகையே என்பதால், இத்தகைய மாற்றம் உறவுக்குச் சான்றாகாது.

அட்டவணை விற்பவர்கள் கடன்சொல்லையும் பிரிப்பதில்லை. ருமேனியத்தில் நூறைக் குறிக்கும் சொல்லும் ஸகரத்தில் தொடங்குகிறது என்று காட்டுவார்கள். அது ஸ்லாவியத்திலிருந்து வாங்கிய சொல் என்பதே பெரும்பான்மைக் கருத்து. காலவரிசையை ஒரு வகுப்பில்கூட விளக்காமல் ஒப்பீட்டுக்குத் தேர்வுத்தாள் வைக்கும் பாடத்திட்டங்கள் இருக்கும்வரை இந்த வியாபாரம் நடக்கத்தான் செய்யும்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்லாவியத்தில் பின்னர் இன்னொரு திரிபும் நேர்ந்தது: கை என்னும் 'ருகா', 'கையில்' என்னும் பொருளில் உக்ரைனியத்தில் 'ருத்ஸி' ஆகிறது. இன்றைய ரஷ்யத்தில் 'ருக்யே' என்றிருப்பதால் அங்கே திரிபே நிகழவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். நிகழ்ந்தது, மற்ற வடிவங்களை ஒட்டிப் பிற்காலத்தில் ககரம் மீண்டது. உண்மையில் அந்தத் திரிபு எட்டாத இடம் ரஷ்யாவின் பழைய நகரமான நோவ்கோரத். அங்கு 1951 முதல் கிடைத்துவரும் பூர்ச்சமரப்பட்டைக் கடிதங்களில் 247ஆம் எண்ணுடையதில், பூட்டும் கதவும் சேதமின்றி இருப்பதைச் சொல்லும் இடத்தில், 'த்ஸெல்' என்று தொடங்க வேண்டிய சொல் 'கெல்' என்றே தொடங்குகிறது. முதலில் வாசித்தவர்கள் அதைத் துறவியரின் அறை என்று கொள்ள, சேதமற்றது என்னும் சரியான பொருளை ரஷ்ய மொழியியலாளர் அந்திரேய் ஸலிஸ்னியாக் நிறுவினார்.

ஐயம் எழும் ரஷ்யச் சொல்லை மாக்ஸ் ஃபாஸ்மரின் சொற்பிறப்பியல் அகராதியில் பாருங்கள். அதன் ரஷ்யப் பதிப்பை இணையத்திலேயே பார்க்கலாம். அட்டவணைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.