அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவின் பழைய நிலப் பட்டாவில் முன்னோர் பெயர் கிடைக்குமா?

கிடைக்கும், அவர் நிலமே வாங்காதவராக இருந்தாலும். புகையிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்ததால், 1618 முதல் அங்கே 'தலைக்கு நிலம்' முறை இருந்தது: கப்பல் கட்டணம் கொடுத்து ஒருவரை அழைத்துவந்தால் 50 ஏக்கர். 6 பேருக்காக 300 ஏக்கர் பெற்றவரின் பட்டாவில் அந்த 6 பேரின் பெயர்களும் பெரும்பாலும் இருக்கும். ஒப்பந்தக் கூலியாக வந்த ஏழையின் பெயர் எஞ்சியிருக்கும் ஒரே ஏடு சில சமயம் இதுதான். அதனாலேயே இதை முதலில் புரட்டச் சொல்வேன்.

எல்லை விவரத்தையும் விடாதீர்கள். நம் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல, ஓடை, ஓக் மரம், பக்கத்து நிலக்காரர் பெயர் எல்லாம் வரும். சம்பந்தி வீடு அங்கேயே அகப்படலாம்.

பட்டாவின் தேதியைக் கப்பலில் வந்திறங்கிய தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 50 ஏக்கர் உரிமையைக் கூப்பன் போல விற்றார்கள், பல ஆண்டுகள் கழித்தும் பயன்படுத்தினார்கள்.