மூடுவிழாவுக்கு அழைப்பிதழ் உண்டா?

கே: பெரம்பூர் பின்னி மில் முதல் மறைமலைநகர் ஃபோர்டு வரை சென்னையில் வரிசையாக மூடுவிழா நடந்துவிட்டதே, வேலை இழந்தவர்களுக்கு என்ன வழி? (ஒரு வாசகர், வியாசர்பாடி)

ப: வழி இருக்கட்டும். 'விழா' என்றீர்களே, அது எந்த மண்டபத்தில் நடந்தது? எனக்கு அழைப்பிதழ் வரவில்லை.

திறப்பு விழா தெரியும். ரிப்பன், தாம்பாளத்தில் வெட்டாத கத்தரிக்கோல், பிறகு பொன்னாடை. 'மறுபடியும் பொன்னாடையா?' என்று உதவி ஆசிரியர் முனகுகிறார். முனகட்டும். அதைப் போர்த்திக்கொண்டால் வேர்க்கும், துவட்டிக்கொண்டால் ஈரம் போகாது. எங்கள் வீட்டில் ஒன்று கிரைண்டரை மூடியிருக்கிறது. மேடையில் என் தோளில் இருந்ததைவிட அங்கே பொருத்தமாக இருக்கிறது. பின்னி மில் காக்கித் துணி முழங்காலில் வெளுக்கும், கிழியாது. அதை நெய்த ஊரில் இன்று இந்தச் சரிகைச் சருகு!

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான மில் அந்தப் பின்னி. திரு.வி.க. அதன் தொழிலாளர்களுக்காகத் தொண்டை வற்றப் பேசினார். 1996-இல் மூடியபோது பேச யாருக்கும் மேடை போடவில்லை. ஆலை மூடுகிறது என்றால் கேட்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள், அவ்வளவுதான். எதிர் டீக்கடைக்காரர் பாக்கி நோட்டை வைத்துக்கொண்டு அந்தத் தாளை இரண்டு முறை படிப்பார்.

சட்டம் இல்லாமல் இல்லை. நூறு பேருக்குக் குறையாத ஆலையை மூட 90 நாள் முன்னதாக அரசிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றது தொழில் தகராறு சட்டம். 60 நாளில் அரசு பதில் சொல்லாவிட்டால்? அனுமதி கொடுத்ததாகவே கணக்கு. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் தலை குனிந்தால் சம்மதம் என்பார்களே, கோட்டைக்கும் அதே வழக்கம். 2020-இல் வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் அந்த நூறையும் முந்நூறு ஆக்கிவிட்டது. 299 பேர் என்றால் தலை குனியக்கூட ஆள் வேண்டாம்.

வழி கேட்டீர்கள் அல்லவா? இழப்பீடு ஓராண்டு சர்வீசுக்கு 15 நாள் சம்பளம். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 450 நாள். கடைசி ஆண்டில் ஆறு மாதம் தாண்டியிருந்தால் அதுவும் முழு ஆண்டுதான். அதைக் கணக்கில் விட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த மூடுவிழாவுக்கு யாராவது அழைப்பிதழ் அடித்தால் எனக்கு ஒன்று அனுப்புங்கள். வீட்டில் இன்னும் பதினேழு பொன்னாடை சும்மா கிடக்கிறது.