நட்சத்திரத்துக்கு யார் பில் கட்டுவது?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஹாலிவுட் நடைபாதையில் நடிகர்கள் பெயர் பொறித்த நட்சத்திரக் கற்களைப் பார்த்தேன். மெய்சிலிர்த்துவிட்டது. நம் தேசத்து நடிகர்களுக்கும் அரசாங்கமே இப்படி ஒரு நடைபாதை அமைத்தால் என்ன? 'பெரியவர்கள் பேரைக் காலால் மிதிப்பதா?' என்கிறாள் என் மனைவி. நீங்கள் யார் கட்சி?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் உங்கள் வீட்டம்மாவின் வழக்கைப் பார்ப்போம். அவருக்குத் துணையாக முகமது அலியே இருக்கிறார். 2002இல் ஹாலிவுட்டில் அவருக்கு நட்சத்திரம் கொடுத்தபோது, நபிகளின் பெயரைத் தாங்கிய தன் பெயரை யாரும் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அது தியேட்டர் சுவரில் பதிக்கப்பட்டது. இரண்டாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட கற்களில் தரையில் இல்லாதது அது ஒன்றுதான். ஹாங்காங்கில் 2004இல் கடலோரமாக ஒரு நட்சத்திர வீதி திறந்தார்கள். நடிகர்களின் கைத்தடங்கள் அங்கே தரையில்தான் இருந்தன. புதுப்பித்து 2019இல் மறுபடி திறந்தபோது அவை கடல் பக்கத்துக் கைப்பிடியின் மேல் ஏறிவிட்டன.

ஆனால் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். நம் பழைய கோயில்கள் பலவற்றில், உள்ளே போகும் வழியில், தரைக்கல்லில் ஒருவர் குப்புற விழுந்து கும்பிடுகிற மாதிரி உருவம் செதுக்கியிருக்கும். சிலவற்றில் பக்கத்திலேயே பெயரும் இருக்கும். அடியார்கள் கால் தன்மேல் படட்டும் என்று காசு கொடுத்துச் செதுக்கிக்கொண்டவர்கள் அவர்கள். பெருமாள் கோயில் கருவறை வாசற்படிக்குக் குலசேகரன் படி என்றே பேர்; அவர் ஆழ்வார் மட்டுமல்ல, ராஜாவும்கூட. ஆகவே கால் படுவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. என் கவலை வேறு: பில் யார் பேரில் வருகிறது?

'அரசாங்கமே' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்த நடைபாதை அமெரிக்க அரசாங்கம் தந்த மரியாதை இல்லை, ஐயா. அது ஹாலிவுட் வர்த்தக சபையின் யோசனை; நம் ஊர்க் கணக்கில் சொன்னால் வியாபாரிகள் சங்கம். கடைத்தெருவின் பழைய பளபளப்பை மீட்க 1950களில் யோசித்த ஏற்பாடு. 1960இல் முதல் சுற்றிலேயே 1,558 பெயர்களைப் பதித்துவிட்டார்கள். அந்தச் சுற்றில் சார்லி சாப்ளின் பெயர் இல்லை! அவருடைய அரசியல் பிடிக்காதவர்கள் எதிர்த்தார்கள், சபை ஒதுங்கிக்கொண்டது. 1972இல்தான் அவருக்குக் கல் கிடைத்தது. இன்றைக்கு யாருக்காவது கல் வேண்டுமென்றால் யாராவது முன்மொழிய வேண்டும்; உயிரோடிருக்கிற நடிகர் என்றால் அவர் சம்மதிக்க வேண்டும், திறப்பு விழாவுக்கு நேரில் வர வேண்டும். தேர்வானபின் முன்மொழிந்தவர் பணம் கட்ட வேண்டும். தொகை 75,000 டாலரைத் தொட்டு அதற்கும் மேலே போய்விட்டது. பெரும்பாலும் படக் கம்பெனிதான் கட்டும், புதுப் படம் வெளியாகிற வாரமாகப் பார்த்து. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், நல்ல வியாபாரம். ஆனால் அதைத் தேசிய மரியாதை என்று நினைத்து மெய்சிலிர்த்ததில் பாதியையாவது திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

(நீங்கள் சாபுவின் கல்லைத் தேடிப் பார்த்தீர்களா? மைசூர் யானைப்பாகன் மகன், 1937இல் சிறுவனாகவே ஹீரோ ஆனவர். முதல் சுற்றிலேயே அவருக்குக் கல் உண்டு. 2025இல் தீபிகா படுகோனே பெயரை அறிவித்தபோது 'முதல் இந்தியர்' என்று சிலர் எழுதியதைப் படித்து எனக்குச் சிரிப்புதான் வந்தது.)

இங்கேயும் முயற்சி நடக்காமல் இல்லை. 2012இல் மும்பை பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டில் ஒரு டிவி சேனல் இந்தி நட்சத்திரங்களின் கைத்தடங்களைப் பதித்தது. நடைபாதையின் பெயரிலேயே சேனலின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. கணக்கு அங்கேயும் அதேதான்.

சரி, அரசாங்கமே செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நடைபாதையில்? எங்கள் அலுவலகத் தெருமுனையில் நடைபாதைத் திறப்பு விழாக் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. கறுப்பு கிரானைட், தங்க எழுத்து, பதினோரு பெயர்கள். நடைபாதையைக் கேபிள் போடத் தோண்டினார்கள், அப்புறம் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டினார்கள், இப்போது மண்தான் இருக்கிறது. கல்வெட்டு மட்டும் அசையவில்லை. அதன் தலைமேல் டீக்கடைக்காரர் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். பதினோரு பேர் மேலும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஹாலிவுட்டிலேயே 2005இல் கிரிகரி பெக்கின் நட்சத்திரத்தைக் கான்கிரீட் ரம்பம் வைத்து அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நம் ஊரில் பித்தளை எழுத்து பதித்தால், பழைய இரும்புக் கடையில் எடை போட எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? சிவாஜி கணேசனுக்கே கடற்கரைச் சாலையில் 2006இல் வைத்த சிலை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கோர்ட் வரை போய், 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்குக் குடிபோனது.

இத்தனைக்குப் பிறகும் கல் பதித்தே தீர வேண்டும் என்றால், முதல் கல் எங்கே, யாருக்கு என்று என்னிடம் பதில் இருக்கிறது. இடம் திருவனந்தபுரம். கேபிடல் தியேட்டர் இருந்த தெரு. பெயர் பி.கே. ரோஸி.

மலையாள சினிமாவின் முதல் நாயகி அவர். 1920களின் கடைசியில், அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் நிலத்தை விற்று எடுத்த மௌனப் படம் 'விகதகுமாரன்'. அதில் தலித் பெண்ணான ரோஸி நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்தார். கதாநாயகன் அவர் தலையில் சூடிய பூவை முத்தமிடுகிற காட்சி வந்ததும் கேபிடல் தியேட்டரில் கூட்டம் திரை மேல் கல்லெறிந்தது. ரோஸியின் குடிசையும் எரிந்தது. ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்தவர், ராஜம்மாளாகப் பெயர் மாற்றிக்கொண்டு, லாரிக்காரரைக் கல்யாணம் செய்து, அப்படியே மறைந்து வாழ்ந்து முடித்தார். அப்புறம் அவர் நடிக்கவே இல்லை. படமும் இன்று இல்லை. அவருடையது என்று சுற்றுகிற போட்டோவும் அவர்தானா என்று சந்தேகம். டேனியல் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது கொடுக்கிறது.

அந்தக் கல்லுக்கு ஸ்பான்சர் கிடைக்க மாட்டார், வெளியாக வேண்டிய புதுப் படமும் இல்லை. ஹாலிவுட்டின் விதிகளையும் அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது. நட்சத்திரம் விழாவுக்கு நேரில் வந்தாக வேண்டும் என்பது அவர்கள் விதி. ரோஸி தன் முதல் படத்தின் முதல் காட்சிக்கே வரக் கூடாது என்று தடுக்கப்பட்டவர். அவர் உட்கார்ந்தால் நாங்கள் வர மாட்டோம் என்று சொன்னவர்கள்தான் அன்றைக்கு உள்ளே இருந்தார்கள்.