கொழும்புத் தோட்டங்களில் வளரும் பெண் பிள்ளைகளை முன்னேற்ற எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் திட்டம் எழுதுகிறவர் என்று நினைக்கிறேன். தன்னம்பிக்கைப் பயிற்சியா, தலைமைத்துவப் பயிற்சியா, விழிப்புணர்வுக் கூட்டமா, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் முன்னேற்ற நினைக்கும் பிள்ளையின் தம்பி தங்கைகளைப் பின்னேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் முகத்துவாரம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கொழும்பில் தோட்டம் என்றால் முடுக்குக்குள் நெருக்கியடித்துக் கட்டிய பலகை வீடுகளும் தகர வீடுகளும், நாலைந்து குடும்பத்துக்கு ஒரு குழாயும்தான். நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கூலி வேலை, பாதி நாள் இரவு வேலை. இரண்டு தம்பிமார். பெரியவள் நான் என்பதால் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மா விமானம் ஏறிய அடுத்த நாள் காலையில் குழாயடி வரிசையில் நான் நின்றேன், அவ்வளவுதான்.

பாடசாலை ஒன்றரை மணிக்கு விடும். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் டீச்சர்மார் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்காகக் கணிதமும் விஞ்ஞானமும் இலவசமாகப் படிப்பித்தார்கள். டியூஷனுக்குக் காசில்லாத எங்களுக்கு அதுதான் ஒரே வழி. ஆனால் மணி அடித்ததும் நான் ஓட வேண்டும். சின்னத் தம்பி வாசலில் காத்துக்கொண்டிருப்பான், பசி என்று அழுவான், கடல் வேறு பக்கத்தில். வகுப்பில் இருக்க எனக்கு ஆசை இல்லாமலா? தன்னம்பிக்கையும் நிறையவே இருந்தது. அந்த இரண்டு மணி நேரம்தான் என்னிடம் இல்லை.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடும் ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் உம்மாதான். விடிய மூன்று மணிக்கு எழும்பி வேலை பார்ப்பவருக்குப் பின்னேரம் ஓய்வு. ஒருநாள் அவராகவே கூப்பிட்டு, "மகள், தம்பிமார நான் பாக்குறன். நீ கிளாஸுக்குப் போ. ராவைக்கு வந்து எண்ட கணக்க எழுதித் தா" என்றார். எந்தக் கடைக்கு எத்தனை தட்டு போனது, யார் காசு தந்தது, யார் இழுத்தடிக்கிறது, எல்லாம் அவர் மனசில்தான் இருந்தது. அதை ஒரு சி.ஆர். கொப்பியில் நான் எழுதத் தொடங்கினேன். மாதக் கடைசியில் ஒரு கடைக்காரரிடம் அந்தக் கொப்பியை நீட்டி அவர் பழைய பாக்கியை வாங்கி வந்த நாளில், எனக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்று முதல்முதலாகத் தெரிந்தது. அப்புறம் சாதாரண தரத்தில் கணக்கீட்டை விருப்பத்தோடு எடுத்தேன், ஏஏடி என்ற கணக்கியல் தொழில்முறைப் படிப்பைப் படித்தேன், இன்று ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். இதை எழுதும்போது பெருமையாகத்தான் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் என்னோடு படித்து, உம்மா மாதிரி ஒருவர் கிடைக்காமல் பத்தாம் வகுப்பில் நின்றுபோனவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகள்.

"இலவசக் கல்வி இருக்கிறதே" என்று சிலர் வருவீர்கள். இருக்கிறது. 1945 முதல் இருக்கிறது, 1980 முதல் பாடப் புத்தகமும் இலவசம். அது இல்லாவிட்டால் நானும் இல்லை. 2016இல் கட்டாயக் கல்வி வயதை 16 ஆகவும் உயர்த்தினார்கள். ஆனால் பிள்ளை இடைவிலகுவது எப்போதும் கட்டணத்தால் மட்டும் இல்லை. முதலில் பின்னேர வகுப்பு நிற்கும், பிறகு திங்கட்கிழமைகள் நிற்கும், பிறகு பரீட்சைக்கே போகாது. பெயர் மட்டும் வகுப்பு வரவு இடாப்பில் இருக்கும்.

தாய்மாரைக் குறை சொல்கிறேன் என்றும் யாரும் எழுத வேண்டாம். என் அம்மா போகாவிட்டால் நாங்கள் மூன்று பேரும் படித்திருக்க மாட்டோம். பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அதில் எத்தனை வீட்டில் ஒரு பதின்மூன்று வயதுக்காரி அன்றிலிருந்து அம்மாவாக மாறியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். 2013இல், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்கள் கொடுக்க வேண்டிய குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாது என்றார்கள், 2022இல் அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு எல்லாரும் அம்மம்மா என்று எழுதிக் கொடுப்பார்கள். உண்மையில் பார்ப்பது மூத்த மகள். அவளை யாரும் அதில் எழுதுவதில்லை.

அதனால் உங்கள் திட்டத்தில் ஒரு பராமரிப்பு இடத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். தோட்டத்துக்குள்ளேயே, நடந்து போகும் தூரத்தில், ஒன்றரை மணியிலிருந்து ஐந்து மணிவரை. அதே தோட்டத்துப் பெண்கள் இருவருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும். உம்மா இலவசமாகச் செய்ததை எல்லாரிடமும் இலவசமாகக் கேட்க முடியாது. தோட்டங்களிலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு இது இன்னும் அவசியம். தோட்டத்தில் வாசலில் விளையாடும் பிள்ளையைப் பத்துக் கண்கள் பார்க்கும். பதினோராம் மாடியில் கதவைச் சாத்தினால் ஒரு கண்ணும் இல்லை, மூத்தவள் அசையவே முடியாது. ஒரு நிறுவனம் சனிக்கிழமை ஹோட்டலில் நடத்திய பயிற்சிக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போக, சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். எனக்கு இன்றும் அந்தக் கோபம் போகவில்லை.

இன்னொன்று, கேள்விக்கு வெளியே என்றாலும் சொல்லிவிடுகிறேன். 15 வயதில் அடையாள அட்டை எடுக்கலாம். பாடசாலையில் இருந்தால் அதிபர் ஊடாக விண்ணப்பம் போகும், நின்றுவிட்ட பிள்ளை கிராம சேவகரிடம் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் காலங்கடந்த பதிவு, அதற்குப் பழைய கிளினிக் அட்டை, பாடசாலைக் கடிதம் என்று அலைச்சல். அந்தத் தாள்கள் இல்லாமல் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வதே கஷ்டம். இத்தனைக்கும் நடுவில் ஓர் அலுவலகத்தில் சிங்களத்தில் மட்டும் இருந்த படிவத்தை நீட்டி, "வாசிக்கத் தெரிந்த யாரையாவது கூட்டி வா" என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினார்கள். நான்தான் கூடப் போனேன். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, தலைநகரத்தின் நடுவில் தமிழ்ப் படிவம் இன்னும் "முடிந்துவிட்டது". சிங்களப் பிள்ளைகளும் இதே தோட்டங்களில் கஷ்டப்படுகிறார்கள், இனப் பேச்சு பேசவில்லை. அவர்களுக்கு அந்த ஒரு அலைச்சலாவது மிச்சம்.

பராமரிப்பு இடம் திறந்தால் சனிக்கிழமைகளில் இரு மொழியும் எழுதத் தெரிந்த ஒருவரை அங்கேயே ஒரு மேசை போட்டு உட்கார வையுங்கள். தோட்டத்திலேயே அப்படிப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கே அந்தச் சம்பளத்தையும் கொடுங்கள்.