காசி யாத்திரை: மலையக அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹட்டனிலிருந்து ஒரு சகோதரி: ஏப்ரல் விடுமுறையில் வயதான பெற்றோரைக் காசிக்கு அழைத்துச் செல்லலாமா, ஐயா?

வேண்டாம், அம்மா. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே வெயில் 40 பாகையைத் தாண்டும். மலைக்குளிரில் பழகிய முதியவர்களுக்கு அது தாங்காது. ஆகஸ்ட், செப்டெம்பரில் கங்கை பெருகிப் படித்துறைகளை மூழ்கடித்துவிடும். நவம்பரோ பெப்ரவரியோ உகந்தது. இடைப்பட்ட மாதங்களில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும்.

நாவலப்பிட்டியிலிருந்து ஓர் அன்பர்: அப்பாவின் அஸ்தியை மகாவலியில் கரைத்துவிட்டோம். இனிக் காசியில் பிதிர்க்கடன் செய்ய இயலுமா?

தாராளமாகச் செய்யலாம். தர்ப்பணத்துக்கும் பிண்டத்துக்கும் அஸ்தி தேவையில்லை, பெயர்கள்தான் தேவை. தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினரின் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கச் சொல்வார்கள். நம்மவர் பலர் திகைத்து நிற்பது இவ்விடத்தில்தான். கோத்திரம் தெரியாதவர்கள் காசியப கோத்திரம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்து தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே வாழ்ந்து மறைந்த பூட்டனின் பெயரை எந்தப் புரோகிதராலும் எடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே தோட்டத்து முதியவர்களிடம் இப்போதே விசாரித்து, தாய்வழிப் பெயர்களையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அனுமன் படித்துறைப் பக்கம் தமிழ் பேசும் புரோகிதர்கள் இருக்கிறார்கள். தட்சணையை முன்கூட்டியே பேசி முடியுங்கள். விரலில் தர்ப்பை ஏறிய பிறகு பேரம் பேச யாருக்கும் மனம் வராது.

தலவாக்கலையிலிருந்து ஒருவர்: இராமேசுவரத்துக்கும் கட்டாயம் போக வேண்டுமா?

இராமேசுவரத்து மணலை எடுத்துச் சென்று பிரயாகைத் திரிவேணி சங்கமத்தில் சேர்த்து, அங்கிருந்து கொண்டுவரும் கங்கை நீரால் இராமநாதசுவாமிக்கு அபிடேகம் செய்விப்பதே முழு யாத்திரை என்பது மரபு. எனினும் லீவும் பணமும் அளவாக உள்ளவர்கள் இரண்டையும் அவசர அவசரமாக முடிப்பதைவிட, காசியில் நிதானமாகத் தங்கி, சுமார் 120 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிரயாகைக்கும் போய்வருவது மேல் என்பேன்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கை: கங்கை நீரை விமானத்தில் கொண்டுவர விடுவார்களா?

கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல்களை அனுமதிப்பதில்லை. வாய் அடைத்த சிறு செப்புச் செம்பை வாங்கி, பொலித்தீனில் நன்றாகச் சுற்றி, விமானத்தில் ஏற்றிவிடும் பெரிய பையில் வைத்துவிடுங்கள். ஒட்டு விட்டுப்போனால் சேலையெல்லாம் நனைந்துவிடும்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: படித்துறைகளில் படம் எடுக்கலாமா?

மாலை ஆரத்தியை எடுக்கலாம். மணிகர்ணிகையிலும் அரிச்சந்திரன் படித்துறையிலும் சிதைகள் எரிவதால் அங்கே கைப்பேசியை வெளியே எடுக்க வேண்டாம். விசுவநாதர் கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதியே இல்லை. தங்குமிடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.