கரடி நடமாடும் காட்டுக்குத் துப்பாக்கி எடுத்துப் போகலாமா?

சென்ற மாதம் அலாஸ்கா ஓடைகளில் நீரோட்டம் அளக்கும் என் வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். கரடி பற்றி அதில் இரண்டே வரிதான். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவை. முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எச்-1பி விசாவில் டல்லாஸில் வேலை பார்க்கிறேன். செப்டம்பரில் மனைவி, ஆறு வயது மகளோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "என் பிஸ்டலைத் தருகிறேன், இடுப்பில் கட்டிக்கொண்டு போ" என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், டல்லாஸ்

வேண்டாம் தம்பி. கரடிக்கு முன்னால் விசாவைப் பேசிவிடுவோம். எச்-1பி, மாணவர்களுக்கான எஃப்-1, அப்பா அம்மா வந்து போகும் பி-2 எல்லாமே குடியேற்றம் சாராத விசாக்கள். இவற்றில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். முறையான வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சிலருக்குத்தான் விதிவிலக்கு. "நான் வாங்கவில்லை, இரவல்தான்" என்று சொல்லித் தப்ப முடியாது. உன் விசா நிலை தெரிந்தே கொடுத்தால் நண்பரும் சேர்ந்து மாட்டுவார். துப்பாக்கி வழக்கு ஒன்று வந்தால் விசாவும் கிரீன் கார்டும் என்ன கதியாகும் என்று உனக்கே தெரியும். அலுவலகத்தில் கூட இருப்பவர்கள் சகஜமாகச் சொல்வார்கள். அவர்களில் பலர் குடியுரிமை உள்ளவர்கள், அவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

நண்பர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. 2010 பிப்ரவரி முதல், அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கும் துப்பாக்கியை அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்குள் எடுத்துச் செல்லலாம். ஆனால் பார்வையாளர் மையம், ரேஞ்சர் அலுவலகம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகக் கூடாது. யெல்லோஸ்டோனுக்குள் சுடுவதற்கும் தடை இருக்கிறது.

சரி, சட்டம் இடம் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உனக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கிரிஸ்லி என்னும் பழுப்புக் கரடி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 30 மீட்டர் தள்ளிப் புதரிலிருந்து கிளம்பினால் உன்னை எட்ட இரண்டு நொடி. அதற்குள் மகளைப் பின்னால் தள்ள வேண்டும், உறையின் பட்டையை விடுவிக்க வேண்டும், எடுக்க வேண்டும், குறி பார்க்க வேண்டும். எங்கள் வேலையில் சேருகிறவர்களுக்கு ஒரு பயிற்சி தருவார்கள். சின்ன வண்டியில் கரடிப் படம் ஒட்டிய அட்டையை நிறுத்தி, கயிறு கட்டி நம்மை நோக்கி வேகமாக இழுப்பார்கள். நிற்கிற அட்டையில் ஐந்துக்கு ஐந்து அடிக்கும் ஆட்களும் ஓடி வரும் அட்டை முன்னால் தடுமாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஈரக் கையுறை வழுக்கும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை பிஸ்டல் உறையை அமுக்கிக்கொள்ளும். இதனால்தான் இங்கே பழகியவர்கள் உறையை நெஞ்சில் கட்டுகிறார்கள். தலை ஏறி இறங்க ஓடி வருகிற மிருகத்தை அவசரத்தில் நெற்றிக்குக் குறி வைத்தால் தோட்டா பெரும்பாலும் மேலே போய்விடும். அப்படிச் சுட்டது பக்கத்தில் நிற்கும் உன் குழந்தை மேல் பட்டால்? இதை நினைத்தால் எனக்குக் கரடியை விட அந்த பிஸ்டல்தான் பயம்.

கரடி ஸ்ப்ரே வாங்கிக்கொள். அதில் இருப்பது மிளகாயின் காரச் சத்து. கிட்டத்தட்ட எட்டு மீட்டர் தூரத்துக்குப் புகைமண்டலமாகப் பாயும். நுணுக்கமாகக் குறி பார்க்கத் தேவையில்லை. கரடிக்கும் உனக்கும் நடுவில், சற்றே தாழ்வாக அடித்து, அது மேகத்துக்குள் ஓடி வரும்படி விட்டால் போதும். கரடி ஆராய்ச்சியாளர்களான டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலானோர் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த 83 சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளிடம் ஸ்ப்ரே 92 சதவீதம் வேலை செய்தது. நெருக்கத்தில் கரடியைச் சந்தித்தபோது ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமில்லாமல் திரும்பினார்கள். ஸ்மித்தும் ஹெரேரோவும் வேறு சிலரோடு சேர்ந்து 2012இல் துப்பாக்கியைப் பற்றியும் எழுதினார்கள். 269 சம்பவங்கள்; கைத்துப்பாக்கி 84 சதவீதம், ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கி 76 சதவீதம் கரடியைத் தடுத்தன. துப்பாக்கி கையில் இருந்தவர்கள் அதைச் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயம் பட்ட விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள்.

இந்த 92ஐயும் 84ஐயும் பக்கத்தில் வைத்து ஸ்ப்ரேதான் ஜெயித்தது என்று பலர் சொல்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்ப்ரே கணக்கில், முகாமுக்குள் வேடிக்கை பார்க்க வந்த சாதுவான கரடிகளும் சேர்ந்திருக்கின்றன. துப்பாக்கி கணக்கில் மூர்க்கமாக வந்தவை அதிகம். இரண்டும் ஒரே பரீட்சை அல்ல. துப்பாக்கியில் ஆண்டுக்கணக்காகக் கை பழகிய அலாஸ்காக்காரர் ஒருவரிடம் போய் அதைத் தூக்கிப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். பழகாத கைக்கு எது உதவும் என்று கேட்டால், ஸ்ப்ரே. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று, யெல்லோஸ்டோனில் மற்ற எந்த மிருகத்தையும் விட அதிகம் பேரைக் காயப்படுத்தியது பைசன் என்ற காட்டு மாடு. கரடி, ஓநாயிடமிருந்து 100 கெஜம், பைசன், எல்க் மானிடமிருந்து 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. மகளைப் பைசன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்காதே. அந்த ஆசைதான் அங்கே ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது.

தற்காப்புக்காகக் கரடியைச் சுட்டுக் கொன்றுவிட்டால் அதோடு விஷயம் முடிந்ததா? வழக்கு உண்டா?
– வாசகர், பெங்களூரு

முடியாது, அங்கேதான் ஆரம்பிக்கும். அலாஸ்காவில் உயிரையோ உடைமையையோ காக்கச் சுடலாம். ஆனால் வேறு வழி எல்லாம் பார்த்த பிறகுதான். நீங்களே சீண்டியிருந்தாலோ, குப்பையையும் உணவையும் திறந்து போட்டுக் கரடியை வரவழைத்திருந்தாலோ தற்காப்பு என்று சொல்ல முடியாது. சுட்டதை உடனே தெரிவிக்க வேண்டும், 15 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். நகங்களோடு தோலை உரித்து, மண்டையோட்டையும் எடுத்து மாநில மீன், வேட்டைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் எதுவும் உங்களுக்குச் சொந்தமில்லை.

எங்கள் குழுவில் ஒருவருக்கு இது நேர்ந்தது. அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் சால்மன் மீன் ஏறும் காலம். ஓடை இரைச்சலில் எங்கள் பேச்சு கரடிக்குக் கேட்கவில்லை, அதன் சத்தம் எங்களுக்கும் கேட்கவில்லை. ஆல்டர் புதருக்குள்ளிருந்து பழுப்புக் கரடி பாய்ந்தது. அவர் இடுப்பில் .44 மேக்னம் ரிவால்வர். மூன்று முறை சுட்டார். கரடி அவரைத் தொடாமல் திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. அதற்கப்புறம்தான் எல்லாவற்றிலும் மோசமான நேரம். அடிபட்ட கரடி உள்ளே உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. யாரும் உள்ளே போகக் கூடாது. சாட்டிலைட் போனில் சொல்லிவிட்டு, முதுகோடு முதுகு ஒட்டி ஓடை நடுவே நின்றோம். அதிகாரிகள் வந்து தேடியபோது செத்துக் கிடந்தது. ஒல்லியான பெண் கரடி. தோலை உரிக்கச் சுட்டவரும் உட்கார்ந்தார். ஒவ்வொரு விரலாக, கடைசிக் கணுவில் வெட்டி, நகம் தோலோடு வரும்படி எடுக்க வேண்டும். கொழுப்பு கையில் அப்பிக் கத்தி நழுவும். மீன் நாற்றமும் ரத்த நாற்றமும் கலந்து வரும். அவர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. காதடைப்பு இரண்டு நாள் நீடித்தது. ரிவால்வர் சத்தம் அப்படி.

அவர் செய்தது தப்பென்று நான் நினைக்கவில்லை. அந்த இடத்தில் ஸ்ப்ரேயை எடுத்திருந்தாலும் அதே இரண்டு நொடிதான். ஆனால் அந்த ஓடைக்கு அந்த நேரத்தில் கத்திக்கொண்டு, கை தட்டிக்கொண்டு போயிருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது. இப்போதெல்லாம் சால்மன் ஓடை என்றால் தமிழ்ப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டுதான் போகிறேன்.

அலாஸ்காவுக்குக் கீழே உள்ள 48 மாநிலங்களில் கிரிஸ்லிக்கு 1975 முதல் மத்திய அரசுப் பாதுகாப்பு உண்டு. அங்கே சுட்டால் தற்காப்புதானா என்று விசாரணை நடக்கும்.

டொராண்டோவில் இருக்கிறோம். பான்ஃப் மலைக்குக் கைத்துப்பாக்கி கொண்டுபோக உரிமம் கிடைக்குமா?
– வாசகர், ஸ்கார்பரோ

கிடைக்காது. கனடாவில் காட்டு மிருகத்துக்காகக் கைத்துப்பாக்கி சுமக்கும் அனுமதி, தொழில்முறையில் பொறி வைத்துப் பிடிப்பவர், ஒதுக்குப்புறக் காட்டில் வேலை செய்பவர் போன்றோருக்குத்தான். 2022 அக்டோபர் முதல் தனிநபர் கைத்துப்பாக்கி விற்பனையே பெரும்பாலும் நின்றுவிட்டது. ஸ்ப்ரேக்குத் தடையில்லை. அமெரிக்க நண்பர் யாராவது காரில் கனடா வழியாக அலாஸ்கா போகிறேன் என்றால், பிஸ்டலை எல்லையில் கொண்டுபோய் நிற்காதே என்று சொல்லி வையுங்கள்.

கூடலூர் பக்கம் தோட்டம். உரிமத்தோடு பிஸ்டல் இருக்கிறது. இரவில் யானை வந்தால் வானத்தை நோக்கிச் சுடலாமா?
– வாசகர், நீலகிரி

யானையோடு பழகிய அனுபவம் எனக்கில்லை ஐயா, உங்கள் வனத்துறை ஊழியர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். சட்டத்தில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, எழுத்து மூலம் முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது, உரிமம் இருந்தாலும்தான். 11ஆம் பிரிவு, உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு மிருகத்தைக் கொல்வது குற்றமில்லை என்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பிஸ்டல் தோட்டா யானையை நிறுத்தாது, கோபப்படுத்தும். வால்பாறையில் யானை பக்கத்தில் வந்தால் கைபேசிக்குத் தகவல் அனுப்பியும், சிவப்பு விளக்கை எரியவிட்டும் மக்களை எச்சரிக்கிறார்கள். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து அது போன்ற ஏற்பாட்டுக்கு வனத்துறையைக் கேளுங்கள்.

மகள் என்னை அலாஸ்காவுக்குக் கூட்டிப்போகிறாள். என் கைப்பையில் பெண்கள் வைத்துக்கொள்ளும் பெப்பர் ஸ்ப்ரே இருக்கிறது. கரடிக்கு அதுவே போதாதா அம்மா?
– வாசகி, திருநெல்வேலி

போதாது அம்மா. அதில் மருந்து கொஞ்சம், பாயும் தூரமும் கொஞ்சம். கரடிக்கென்று விற்கும் டப்பா குறைந்தது 7.9 அவுன்ஸ் இருக்க வேண்டும், மேலே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பதிவு எண் இருக்கும். காலாவதித் தேதியைப் பாருங்கள். அதை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெரிய பெட்டியிலும் முடியாது. ஆங்கரேஜில் இறங்கிய பிறகு கடையில் வாங்குங்கள்.

வாங்கியதும் முதுகுப்பைக்குள் போட்டுவிடாதீர்கள். மகள் நெஞ்சுப் பட்டையில் மாட்டிக்கொள்ளட்டும். பாதுகாப்புக் கொக்கியைக் கட்டை விரலால் தள்ளி எடுத்துப் பழகச் சொல்லுங்கள். பழகுவதற்கென்றே காரமில்லாத பயிற்சி டப்பா விற்கிறது. காற்று நம் பக்கம் வீசினால் கொஞ்சம் நம் கண்ணிலும் படும், எரியும், தாங்கிக்கொள்ளலாம். கொசு மருந்து மாதிரி உடம்பிலோ கூடாரத்திலோ அடித்துவிடக் கூடாது. காய்ந்த பிறகு அந்த வாடையே கரடியை இழுக்கும்.

பழுப்புக் கரடி திடீரென்று மோதிக் கீழே தள்ளினால் குப்புறப் படுத்து, கழுத்துக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு அசையாமல் இருங்கள். கருங்கரடி தாக்கினால் படுக்காதீர்கள், கல்லோ கட்டையோ எடுத்து முகத்தில் அடியுங்கள். மூஸ் மான் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு வந்தால் ஓடி மரத்துக்குப் பின்னால் போங்கள். கரடியிடம் மட்டும் ஓடவே கூடாது. எப்போதும் நாலு பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே நடங்கள். அந்த நாலு பேரின் பேச்சுச் சத்தத்துக்கே பெரும்பாலான கரடிகள் விலகிப் போய்விடும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் டப்பாவை விட்டுவிடாதீர்கள், சூட்டில் வெடிக்கும். ஊர் திரும்பும்போது தங்கிய விடுதியில் கேளுங்கள், அடுத்து வருபவர்களுக்காக வாங்கி வைத்துக்கொள்பவர்கள் உண்டு.