வேறு வைத்த அடுப்பு: குடும்பச் செலவுக் கேள்விகளுக்கு ஓர் ஆச்சியின் பதில்கள்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வாழ்க்கைப்பட்டு 46 வருஷம் ஆகிறது. கல்யாணமான வருஷம் தொடங்கிய வீட்டுச் சிட்டையை, அதாவது வரவு செலவு நோட்டை, இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் கொஞ்ச நாளாகக் கேள்வி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (காரைக்குடி, தனியார் நிறுவன ஊழியர்): ஆச்சி, எனக்கும் மனைவிக்கும் சேர்த்து மாதம் 38,000 ரூபாய் வருகிறது. வாடகை 7,500. ஆடம்பரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் 20 தேதிக்கு மேல் கையில் நிற்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, எங்கள் பக்கம் கல்யாணமான பிள்ளையை ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கம் உண்டு. அதே வீடு, அதே முகப்பு, அதே வளவு (நடு முற்றம்). அடுப்பு மட்டும் தனி. ஒரு வருஷத்துக்கு இவ்வளவு என்று பெரியவர்கள் அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் புதுக் குடும்பம் தன் காலில் நடக்க வேண்டும். சண்டை போட்டுப் பிரிவது இல்லை இது. பெரியவர்கள் கண்ணெதிரிலேயே சின்னத் தப்புகளைச் செய்து பழகிக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு.

என்னை வேறு வைத்தபோது நெல், பருப்பு, புளி, மிளகாய், விறகு எல்லாம் வருஷத்துக்கு அளந்து வந்தன. கைச்செலவுக்கு மாதம் 150 ரூபாய். யார் வந்தாலும் பெருமைக்காக இரண்டு குழம்பு வைத்தேன். ஐப்பசிக்குள் புளிப்பானையில் கை அடியைத் தட்டிவிட்டது. மாமியாரிடம் போய் நின்றேன். “எடுத்துக்கோ ஆத்தா. ஆனா நிறுத்து எழுதி வை. மாசியிலே புதுப்புளி வந்ததும் திருப்பிக் கொடுத்துடு” என்றார்கள். அரைக் கிலோ. தராசுத் தட்டில் புளியை அவர்கள் ஒரு விரலால் தள்ளி முள்ளை நேராக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கோபமும் இல்லை, ஏச்சும் இல்லை. அந்த மாசியில் நிறுத்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்த வருஷமும் புளி கடன் வாங்கியதில்லை.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர்கள் மாதக் கணக்குத்தான் பார்க்கிறார்கள். செலவு வருஷக் கணக்கில் வருகிறது. வண்டி இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, பொங்கல், ஊர்த் திருவிழா, இரண்டு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்று ஒவ்வொன்றும் வரும்போது ‘எதிர்பாராத செலவு’ என்கிறோம். வருஷம் தவறாமல் வருவது எப்படி எதிர்பாராதது ஆகும்? இன்றைக்கே உட்கார்ந்து போன வருஷம் இப்படி என்னென்ன வந்தது என்று எழுதுங்கள். 48,000 வந்தால் மாதம் 4,000. சம்பளம் வந்த அன்றே அதை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வாடகையும் அதுவும் போனால் மீதி 26,500. அதில் சேமிப்பு 3,000 முதலில் போகட்டும். மின்சாரம், கேஸ், பெட்ரோல், போன் எல்லாவற்றுக்கும் ஒரு தொகை. மிச்சம்தான் சாப்பாடும் கைச்செலவும். அதையும் மாதமாக வைத்துக்கொள்ளாமல் நாலரை வாரமாகப் பிரியுங்கள். திங்கட்கிழமை தோறும் அந்த வாரத்துப் பணம் மட்டும் கைக்கு வரட்டும். இருபதாம் தேதிப் பஞ்சம் அப்படித்தான் தீரும்.

கேள்வி (தேவகோட்டை, கல்லூரி மாணவி): கணக்கு எழுத நோட்டு நல்லதா, போன் செயலி நல்லதா?

எதில் எழுதினாலும் சரி, அன்றன்றைக்கு எழுத வேண்டும். போனைக் காட்டிப் பணம் கட்டும்போது கையிலிருந்து போவது உறைப்பதில்லை. டீக்கு 15, ஜெராக்ஸுக்கு 10 என்று அதுவும் சிட்டையில் ஏறட்டும். மாதக் கடைசியில் மட்டும் கையால் கூட்டிப் பாருங்கள். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்கள் கடைக் கணக்கை ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்புவார்கள். நம் வீட்டுக்கும் மாதம் ஒரு ஐந்தொகை வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, யாருக்கு நாம் தரணும், யார் நமக்குத் தரணும் என்று நாலு வரி போதும்.

கேள்வி (புதுவயல் பக்கம், இல்லத்தரசி): அரிசியை மாதாமாதம் வாங்குவதா, மொத்தமாக வாங்குவதா?

உங்கள் ஊரிலேயே இத்தனை அரிசி ஆலைகள் இருக்கும்போது இது கேட்க வேண்டிய கேள்வியா அம்மா! அறுவடை முடிந்து நெல் வரத்து அதிகமாக இருக்கும் மாசி, பங்குனியில் ஆலையில் நேராக வாங்கி வையுங்கள். புது அரிசி குழையும், பொங்கி வராது. ஆறு மாதம் போனால் சரியாகிவிடும். அதனால் போன வருஷத்து அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டே இந்த வருஷத்ததைச் சேமிப்பதுதான் பழைய வழக்கம். இன்னொன்று. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான லேபிள் ஒட்டிய பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. 5 கிலோ, 10 கிலோ பை வாங்குகிறவர்தான் அந்த வரியைக் கட்டுகிறார். மொத்தமாகப் பணம் இல்லையென்றால் இரண்டு வீடு சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். வண்டுக்குக் காய்ந்த வேப்பிலையும் நாலு காய்ந்த மிளகாயும் போதும்.

கேள்வி (காரைக்குடி, ஆசிரியை): ரேஷன் பருப்பும் பாமாயிலும் வாங்க என் மாமியார் கூச்சப்படுகிறார்.

எதற்குக் கூச்சம்? துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் பருப்பு மட்டும் நூறு ரூபாய்க்குக் குறையாது. உங்கள் அட்டைக்கு உரியதை வாங்குங்கள். பருப்பைக் கழுவி ஒரு மணி நேரம் ஊற வைத்து குக்கரில் போட்டால் கேஸும் மிச்சம்.

கேள்வி (கண்டனூர், இரண்டு பிள்ளைகளின் அம்மா): காய்கறி விலை ஏறும்போது குழம்புக்கு என்ன செய்வது? பிள்ளைகள் தின்பண்டச் செலவும் தாங்கவில்லை.

நம் சமையலறையிலேயே இதற்கு வழி இருக்கிறது. கழுநீரில் வைக்கும் புளிக்குழம்பு, நம் மண்டி, வைக்கத் தெரியும்தானே? அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது முறை அரிசியை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பால் மாதிரி திக்காக வரும். அந்தக் கழுநீரில்தான் புளியைக் கரைக்க வேண்டும். எண்ணெயில் கடுகு, உளுந்து, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் கீறிய பச்சை மிளகாயும் வதக்கி, ஊற வைத்த மாவத்தலோ கத்தரி வத்தலோ போட்டு, வேக வைத்த மொச்சை ஒரு கை சேர்த்து, புளிக் கழுநீரை ஊற்றிக் கொதிக்க விட்டால் போதும். தேங்காய் வேண்டாம், மசாலா வேண்டாம். கழுநீரே குழம்பைக் கெட்டியாக்கிவிடும். மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும்.

ஆனால் வத்தல் இருந்தால்தானே மண்டி! சித்திரை வெயில் நமக்கு இலவசமாகக் கிடைப்பது. கத்தரி, கொத்தவரை, மாங்காய், சுண்டைக்காய் எல்லாம் சந்தையில் மலிந்து கிடக்கும் நேரத்தில் வாங்கி, மாடியில் நாலு நாள் காய வைத்து, சலசலவென்று சத்தம் வருகிற மாதிரி உலர்ந்ததும் டப்பாவில் போடுங்கள். மழைக்காலத்தில் காய் விலை ஏறும்போது வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்குப் போக வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் பாக்கெட் வாங்குவதை நிறுத்தச் சொன்னால் அழுவார்கள். நிறுத்தாதீர்கள், வாரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். மற்ற நாளுக்கு, கும்மாயம் என்ற நம் பக்கத்து இனிப்புக்கு உளுந்து, பாசிப்பயறு மாவு வறுத்து அரைத்து வைத்துக்கொண்டால் கருப்பட்டியும் கொஞ்சம் நெய்யும் போட்டுப் பத்து நிமிஷத்தில் கிண்டிவிடலாம். உளுந்தும் பாசிப்பயறும் வயிற்றில் நிற்கும். ஐந்து மணிக்குக் கொடுத்தால் ஏழு மணி வரை பசி என்று வர மாட்டார்கள்.

கேள்வி (காரைக்குடி, செக்காலை பக்கம்): கரண்ட் பில் ஒரு தடவை குறைவாகவும் ஒரு தடவை திடீரென்று கூடுதலாகவும் வருகிறது. மீட்டரில் கோளாறா?

கோளாறு பெரும்பாலும் மீட்டரில் இருக்காது, 500 யூனிட் என்ற எல்லைக் கோட்டில் இருக்கும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டாத வரைக்கும் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் குறைந்த விலை உண்டு. 501 ஆனதும் அந்தச் சலுகை போய், அதே நூறு யூனிட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு கட்ட வேண்டும். மேலே போன யூனிட்டுக்கும் விலை அதிகம். அதனால் ஒரு மாதம் ஆனதும் மீட்டரைப் போய்ப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் மறு மாதம் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய மின்விசிறி 75 வாட். ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி விசிறி 18 யூனிட். அதிகம் ஓடுகிற ஒரு விசிறியை மட்டும் முதலில் மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கடன் வாங்க வேண்டாம்.

கேள்வி (தேவகோட்டை, கடை வைத்திருப்பவர்): தினத் தண்டல் வாங்கித்தான் கடையை ஓட்டுகிறேன். 10,000-க்கு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள். 1,500 ரூபாய்தானே வட்டி, பெரிய பாரமில்லை என்றுதான் தோன்றுகிறது.

தம்பி, வட்டிக் கணக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் வாயாலேயே போடுவார்கள், நீங்களும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 8,500-ஐ நூறு நாளும் நீங்கள் வைத்திருக்கவில்லை. முதல் நாளே திருப்பத் தொடங்கிவிட்டீர்கள். ஐம்பதாவது நாள் பாதிதான் உங்களிடம் இருக்கிறது. சராசரி பார்த்தால் சுமார் 4,250 ரூபாயைத்தான் நூறு நாள் பயன்படுத்தினீர்கள். அதற்கு 1,500 வட்டி. மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய்க்கும் மேல் வருகிறது. பத்து வட்டி! இதை யாராவது நேராகச் சொல்லிக் கேட்டால் வாங்குவீர்களா?

வீட்டில் ஒரு சங்கிலி இருந்தால் அதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து இந்தத் தண்டலை அடைத்துவிடுங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு ரூபாய் வட்டிக்குள் முடியும். நகையை வைப்பதில் அவமானம் இல்லை. ஆனால் மீட்கும் தேதியை அன்றைக்கே சிட்டையில் எழுதி, நாளுக்கு 100 கட்டிய பழக்கத்தை விடாமல் அதே 100-ஐத் தனி உண்டியலில் போட்டு வாருங்கள். மிரட்டி வசூலிக்கும் வட்டிக்காரர்கள் மேல் புகார் கொடுக்க 2003 முதல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. பயந்துகொண்டு ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் வாங்காதீர்கள். என் தூரத்துச் சொந்தம் ஒருவர் அப்படி ஐந்து தண்டல் வரை போய், கடைசியில் கடைச் சாவியையே கொடுத்துவிட்டு வந்தார். அவர் மனைவி, அந்த அண்ணமிண்டி (அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), அழுததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உங்களுக்கு அது வரக்கூடாது.

கேள்வி (கீரமங்கலம் பக்கம்): எங்கள் பக்கம் ஆடியில் மொய் விருந்து. போன வருஷம் மட்டும் மொய்யிலேயே பெரிய தொகை போய்விட்டது. குறைக்க முடியுமா?

மொய் செலவு இல்லை, கடன் திருப்புவது. வாங்கியதைக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் புதிதாகப் போடுவதற்கு எல்லை வைக்கலாம். நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள், வாங்கியது ஒன்று, போட்டது ஒன்று. வருகிற ஆடிக்குள் யார் யார் விருந்து வைக்கக்கூடும் என்று பார்த்து, தையிலிருந்தே மாதம் ஒரு தொகை எடுத்து வையுங்கள். மொய் நோட்டு இல்லாத வீட்டில்தான் ஆடி மாதம் வட்டிக்குப் பணம் தேடுவார்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து, சொந்த ஊர் கானாடுகாத்தான்): எங்கள் பங்கு வீடு ஒழுகுகிறது. புள்ளிகள் (பங்குள்ள குடும்பங்கள்) நிறையப் பேர். பெரிய செலவு என்று எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

அப்பு, தள்ளிப்போடத் தள்ளிப்போடத்தான் பெரிய செலவு ஆகிறது. பர்மாத் தேக்கு உத்தரத்தில் தண்ணீர் இறங்கிவிட்டால் அதற்கு ஈடான மரத்துக்கு எங்கே போவீர்கள்? புள்ளிக்கு வருஷம் இவ்வளவு என்று சிறிய தொகையாக வசூலியுங்கள். ஆடியிலேயே ஆள் வைத்து உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றி, வளவைச் சுற்றித் தண்ணீர் இறங்கும் தகரத்தில் அடைத்த சருகை எடுத்துவிட வேண்டும். தளத்தில் அரசங்கன்று முளைத்திருக்கும், இரண்டு இலையாக இருக்கும்போது விரலால் பிடுங்கலாம். மூன்று வருஷம் விட்டால் கொத்தனார் வந்து தளத்தை வெட்ட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மூலை அப்படித்தான் போனது.

கேள்வி (காரைக்குடி): அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை மாதம் 1,800 ஆகிறது.

மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அதே மருந்து மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மாற்றும்போது மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். மாத்திரையைப் பாதியாக விழுங்கி மிச்சம் பிடிக்க மட்டும் விடாதீர்கள், சில அம்மாக்கள் சொல்லாமல் அப்படிச் செய்வார்கள். அட்டையை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (பள்ளத்தூர், புது மருமகள்): ஆச்சி, நான் கணக்குப் பார்த்தால் வீட்டில் கருமி என்கிறார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது.

எனக்கும் அந்தப் பேர் இருந்தது ஆத்தா. என் சிட்டையில் முதல் மாதம் தொட்டு ‘பிறருக்கு’ என்று ஒரு பத்தி உண்டு. அப்போது மாதம் 5 ரூபாய். இப்போது கூடியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிறவளின் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு மோர், பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றால் ஒரு பாத்திரம் கஞ்சி, எல்லாம் அதிலிருந்துதான். மாதக் கடைசியில் எவ்வளவு நெருக்கடி என்றாலும் அந்தப் பத்தியில் கை வைத்ததில்லை. நீயும் ஒரு பத்தி போட்டுக்கொள். ஒரு நாள் சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, என் 1979 சிட்டையில் அரைக் கிலோ புளி எழுதிய பக்கத்தைக் காட்டுகிறேன்.